பேரீச்சம்பழத்துக்குப் போக இருந்த வண்டி!

எங்கள் வீட்டுக் கொல்லையில், மதில் சுவர் ஓரமாக ஒரு ஒற்றைச் சக்கர வண்டி ரொம்ப நாளாகச் சாய்ந்து கிடந்தது. கட்டட வேலை நடக்கிற இடங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒரே ஒரு சக்கரம், பின்னால் இரண்டு கால், இரண்டு கைப்பிடி, நடுவில் தொட்டி மாதிரி வளைத்த இரும்புத் தகடு. சிமென்ட் கலவையும் மணலும் அள்ளிப் போட்டுத் தள்ளிக்கொண்டு போவார்களே, அதேதான். 'வீல் பேரோ' என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'மாமா வண்டி'.

மாமா என்றால் என் மாமனார். திருச்சியில் நாற்பது வருஷத்துக்கு மேல் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவர் போன பிறகு வண்டியை எடுப்பார் யாருமில்லை. டயர் வெடித்து, பெயின்ட் உரிந்து, உள்ளே காய்ந்த கலவை பொருக்குத் தட்டி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும். நான் போய்க் கவிழ்த்துவிட்டு வருவேன்.

போன வருஷம் ஆடி மாதம் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, தெருவில் பழைய இரும்புக்காரர் குரல் கேட்டது. விடுவேனா! பழைய வாளி, உடைந்த கட்டில் கம்பி எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். "அந்த வண்டியையும் எடுத்துக்குங்க" என்று கொல்லைப் பக்கம் கையைக் காட்டினேன். முன்பெல்லாம் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள். இப்போது ரூபாயாகவே கொடுத்துவிடுகிறார்கள். நான் விலை பேசி முடிப்பதற்குள், அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மெள்ள நடந்து வந்துவிட்டார்.

"அதை மட்டும் கொடுக்காதேம்மா."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி உள்ளே போய்விட்டார். அன்று ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துகொண்டார். எனக்கு மனசே சரியில்லை.

முழங்கால் படுத்திய பாடு

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபத்து மூன்று வயது. மூன்று வருஷம் முன்பு வரை கொல்லையில் கீரைப் பாத்தி அவர் பொறுப்புதான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து களை பறிப்பார். கீரைக்காக நாங்கள் கடைக்குப் போனதே கிடையாது.

அப்புறம் முழங்கால் தேய்மானம் வந்தது. டாக்டர் மாத்திரையும் உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்துவிட்டு, "குத்துக்காலிட்டு உட்காராதீங்க. தரையிலே சம்மணம் போட வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முழங்காலை முழுக்க மடக்கி உட்காரும்போது மூட்டின் மேல் பாரம் கூடிவிடுகிறதாம். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்: "ஒரேயடியா உட்கார்ந்தே இருந்துடாதீங்க. மூட்டு இறுகிப் போகும். நடமாட்டம் இருக்கணும்."

முதல் பாதியை நாங்கள் எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். இரண்டாவது பாதியை மறந்தே போனோம். அத்தை கொல்லைப் பக்கம் போவதை நிறுத்தினார். பாத்தியில் கோரை மண்டியது. காலையிலிருந்து ராத்திரி வரை டி.வி. முன்னால் நாற்காலி. கீரைக்காரம்மா வந்தால் மட்டும், "நம்ம வீட்டிலேயே காசு கொடுத்துக் கீரை வாங்குற நிலைமை வந்துடுச்சே" என்று முணுமுணுப்பார்.

ஒருநாள் வண்டியைக் கழுவி மூலையில் நிமிர்த்தி வைக்கலாமென்று போனேன். கால் வலிக்கவே, பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வண்டியின் விளிம்பு சரியாக என் கைக்கு எட்டியது! உடனே இஞ்ச் டேப்பை எடுத்து வந்து அளந்தேன். தரையிலிருந்து விளிம்பு 26 அங்குலம். நாற்காலியின் உட்காரும் பலகை 17 அங்குலம். சாப்பாட்டு மேஜையை விடக் கொஞ்சம் தாழ்வு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மண்ணைக் கிளறலாம், விதை போடலாம், கீரை கிள்ளலாம். குனியவும் வேண்டாம், முழங்காலை மடக்கவும் வேண்டாம்.

அத்தையிடம் சொன்னபோது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "மண்ணைப் போடு, செடியை வை. ஓட்டை மட்டும் போடக் கூடாது. உன் மாமா இதிலே ஒரு கீறல் விழ விட்டதில்லை. பொழுது சாய்ஞ்சு வந்தாலும் கலவையைக் கழுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். கடைசிக் காலத்திலே இரவல் வாங்கிட்டுப் போனவங்கதான் இப்படிப் பண்ணிட்டாங்க."

நான் என்ன செய்வேன்? தண்ணீரை அளந்து ஊற்றினால் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

ஐப்பசி மழை

ஆடிக் கடைசியில் விதைத்தோம். தண்டுக்கீரை தளதளவென்று வந்தது. அத்தை தினம் ஒரு சொம்புத் தண்ணீர்தான் விடுவார். இரண்டு தடவை கீரை பறித்துவிட்டோம். "பார்த்தியா, ஓட்டை இல்லாமலே வருது" என்று அவருக்கு ஒரே பெருமை.

ஐப்பசியில் அடை மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் கொல்லைப் பக்கமே யாரும் போகவில்லை. நாலாம் நாள் போய்ப் பார்த்தால், வண்டி நிறையத் தண்ணீர். கீரை உள்ளே மூழ்கிக் கிடந்தது. சொம்பால் மொண்டு ஊற்றினேன். மறுபடி மழை. ஒரு வாரத்தில் இலை மஞ்சளாகித் தண்டு கொழகொழத்துப் போயிற்று. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் கறுத்துச் சாக்கடை நாற்றம் அடித்தது.

நாம் மூக்கால் மூச்சு விடுகிற மாதிரி, வேரும் மூச்சு விட வேண்டும். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கிற சந்துகளில்தான் அதற்கான காற்று இருக்கிறது. தண்ணீர் வடிய வழியில்லாவிட்டால், அந்தச் சந்தெல்லாம் தண்ணீரால் அடைபட்டு வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். அளந்து ஊற்றுவது நம் கையில். மழையை அளந்து பெய்யச் சொல்ல முடியுமா?

அதோடு போகவில்லை. கொசுப் புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வருவார்களே, அந்தப் பணியாளர் அம்மா அன்று வந்தார். வண்டியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்கே வாங்க. புழு நெளியுது பாருங்க" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு, இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டை இடுகிறது. முட்டை பொரிந்து கொசுவாகிப் பறக்க, ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றிப் போனாலும் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிக் கொடுத்தார். நான்தான் எத்தனை வருஷமாக வெறுமனே கவிழ்த்துக்கொண்டிருந்தேன்!

"எனக்காக வாங்கின வண்டி"

அன்று சாயந்திரம் இவர் ஆபீசிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "ஓட்டை போடணும், இல்லேன்னா தூக்கிப் போடணும். அம்மாவிடம் நான் பேசறேன்" என்றார் இவர். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நீ ஒண்ணும் பேச வேணாம்" என்று ஆரம்பித்தார். "நீ வயித்திலே ஏழு மாசம். நான் அப்போ உங்கப்பாகிட்டேயே சித்தாள் வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். தலையிலே சும்மாடு வெச்சு, கலவைச் சட்டியோட சாரத்திலே ஏறி இறங்குவேன். ஒருநாள் மயக்கம் வந்து உட்கார்ந்துட்டேன். மறுநாளே யாரோ ஒரு கான்ட்ராக்டர்கிட்டே பழைய வண்டி ஒண்ணு தவணைக்கு வாங்கிட்டு வந்துட்டாரு. 'இனிமே நீ தலையிலே சுமக்க வேணாம்'னாரு. அந்த வண்டிதான் இது."

இவருக்கு இது தெரியவே தெரியாது. எங்களுக்கும் வாயடைத்துப் போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து அத்தையே சொன்னார்: "என் சுமையைக் குறைக்கணும்னு வாங்கினாரு. இதிலே இனிமே கலவை யாரு தள்ளப் போறா? வீட்டிலே சின்னப் பிள்ளைங்க இருக்கு. ஓட்டையைப் போட்டுடுங்க."

கார்த்திகையில் மழை விட்டதும் வேலையை ஆரம்பித்தோம். அத்தை நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை! இனி நாங்கள் செய்த முறையைச் சொல்லிவிடுகிறேன். வண்டி இல்லாவிட்டால், பழைய இரும்புத் தொட்டி, குளிக்கிற டப், பெரிய டிரம்மைப் பாதியாக அறுத்தது, எதற்கும் இதே முறைதான்.

முதலில் சுத்தம்

காய்ந்த சிமென்ட்டை உளியால் மெதுவாகத் தட்டிப் பெயர்க்க வேண்டும். இதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள். சிமென்ட்டில் சுண்ணாம்புத் தன்மை அதிகம். அது மண்ணில் கரைந்தால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு பச்சையாகவும், இலை மஞ்சளாகவும் போய்விடும்.

துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புக் காகிதத்தாலும் தேய்த்தோம். துரு செடிக்கு விரோதி அல்ல. ஆனால் தகட்டைத் தின்றுவிடும். விரலால் அழுத்தினால் பொத்துக்கொள்கிற அளவு தகடு போயிருந்தால், அந்த வண்டியில் வேலை மினக்கெட வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கலாம். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் வண்டியோ அதற்கு வெகு காலம் முந்தியது. ஆகவே பழைய பெயின்ட்டை உலர்ந்தபடி தேய்த்துப் பறக்க விடாதீர்கள். ஈரமாக்கித் தேயுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வேண்டாம். தேய்த்த கழிவைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் சேருங்கள். தோட்டத்து மண்ணில் கொட்டாதீர்கள்.

எங்கள் வண்டியின் உட்புறத்தில் மணலும் ஜல்லியும் உராய்ந்து உராய்ந்து, பெயின்ட் என்பது எப்போதோ போய்விட்டது. உங்கள் வண்டியின் உட்புறம் பழைய பெயின்ட் இருந்தாலோ, தார், பூச்சி மருந்து போன்றவை சுமந்த வண்டியாக இருந்தாலோ, கீரை வேண்டாம். பூச்செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓட்டைக்கும் வாட்டம் உண்டு

இவர் நண்பரிடம் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கி வந்தார். எங்கே ஓட்டை போடுவது? நான் நட்ட நடுவில் போடலாம் என்றேன். அத்தை சிரித்தார். "மொட்டை மாடிக்கு வாட்டம் பார்க்காமலா குழாய் வைப்பாங்க? வண்டியை நிக்கிற இடத்திலே நிறுத்து. ஒரு செம்பு தண்ணி ஊத்து. எங்கே தேங்குதோ அங்கே போடு."

அப்படியே செய்தோம். தண்ணீர் பின்பக்கமாக, கால்கள் இருக்கிற இடத்துக்கு மேலே போய்த் தேங்கியது. அந்த இடத்தில் நெருக்கமாக ஆறு, மற்ற இடங்களில் அரை அடிக்கு ஒன்றாக ஆறு, ஆக மொத்தம் 12 ஓட்டைகள். ஒவ்வொன்றும் அரை அங்குலம்.

இன்னொரு சூட்சுமம். தொட்டியின் உள்ளேயிருந்து வெளியே போகும்படி துளை போடுங்கள். அப்போது தகட்டின் பிசிர் கீழ்ப்பக்கம் வரும், தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அடியிலிருந்து போட்டால் பிசிர் உள்ளே நிமிர்ந்து நின்று, அதைச் சுற்றித் தண்ணீர் தங்கிவிடும். கையைக் கிழிக்காமல் இருக்கப் பிசிரை அரத்தால் ராவிவிடுங்கள்.

பிறகு உள்ளும் புறமும் ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட். நன்றாகக் காய இரண்டு மூன்று நாள் விட்டோம். வெளியே மட்டும் பச்சை பெயின்ட். பக்கவாட்டில் மாமா தன் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பில் எழுதி வைத்திருந்தார். அந்த இடத்தை மட்டும் இவர் தொடவில்லை.

நிறுத்துகிற இடம்

காலியாக இருக்கும்போதே வண்டியை இடத்தில் நிறுத்திவிட வேண்டும். எங்கள் தொட்டியில் சுமார் 85 லிட்டர் மண் பிடிக்கிறது. நனைந்த பிறகு நூறு கிலோவை எட்டிவிடும். டயர் போன வண்டியை அப்புறம் அசைக்க முடியாது.

உங்கள் வண்டியின் சக்கரம் ஓடுகிற நிலையில் இருந்து, வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றி வைக்க நினைத்தால், ஒரு தந்திரம். பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். திருகாணி ஒரு முனையில், பாக்கு நடுவில், கை மறு முனையில். பாக்கைத் திருகாணியை ஒட்டி வைத்தால் சுலபமாக வெட்டும். வண்டியிலும் சக்கரம்தான் திருகாணி. சுமை சக்கரப் பக்கம் இருந்தால் கைக்குப் பாரம் குறைவு. இந்த வண்டி சீனாவில் சுமார் 1,900 வருஷங்களுக்கு முன்பே புழக்கத்தில் இருந்ததாக என் மகள் படித்துச் சொன்னாள். அவர்கள் பெரிய சக்கரத்தைச் சுமைக்கு நேர் கீழே, நடுவில் வைத்துச் செய்தார்களாம். பாரமெல்லாம் சக்கரத்துக்கே!

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் முட்டுக் கொடுங்கள். கால்களுக்கு அடியில் தட்டைக் கல் வைத்தால் மண்ணில் புதையாது, துருவும் பிடிக்காது. மொட்டை மாடியானால், சுவர் அல்லது பீம் மேல் வருகிற இடமாகப் பார்த்து, விஷயம் தெரிந்தவரைக் கேட்டு வையுங்கள். கீழே தட்டு வைத்துத் தண்ணீர் பிடிக்காதீர்கள். மறுபடி கொசுதான்!

திருச்சி வெயிலில் இரும்பு கொதிக்கும். ஆகவே காலை வெயில் விழுந்து, மத்தியானத்துக்கு மேல் நிழல் வருகிற கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். தொட்டியின் உட்சுவரில் சாக்குத் துணியை ஒட்டினாற்போல் விரித்தோம். சூடு நேராக வேரைத் தாக்காது. ஒரு வருஷத்தில் மக்கிவிடும், மாற்ற வேண்டியதுதான்.

மண் கலவையும் விதையும்

அடியில் ஜல்லி பரப்ப வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நானும் முன்பு தொட்டிகளில் அப்படித்தான் செய்தேன். அது தண்ணீர் வடிய உதவுவதில்லை என்று இப்போது தோட்டக்கலை படித்தவர்கள் சொல்கிறார்கள். ஜல்லிக்கு மேலே உள்ள மண் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. வேருக்கு உள்ள இடமும் குறைகிறது. ஓட்டை மேல் வளைந்த ஓட்டுச் சில்லு ஒன்று, அதன் மேல் கொஞ்சம் தேங்காய் நார். இது போதும்.

செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. இதோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் ஊற வைத்து அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே மண்ணை நிறுத்துங்கள்.

ஓரடி ஆழத்துக்கு ஏற்ற செடிகள்: முளைக்கீரை, அரைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி, பொன்னாங்கண்ணி. முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையை அடியோடு பிடுங்காமல் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். தனியாவை இரண்டாக உடைத்துப் போட வேண்டும். புதினாவை மட்டும் சேர்க்காதீர்கள். விட்டால் வண்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அதற்குத் தனித் தொட்டி. விளிம்பில் பத்து மணிப்பூ வைத்தால் வெளியே தொங்கி அழகாக இருக்கும்.

கீரை விதை தூள் மாதிரி இருக்கும். அத்தை ஒரு பிடி விதையோடு நாலு பிடி உலர்ந்த மணல் கலந்து தூவினார். ஒரே இடத்தில் கொத்தாக விழாது. மேலே மெல்லிசாக மண். எறும்பு விதையைத் தூக்காமலிருக்க ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய். "அதுங்களுக்கும் ஒரு வேளைச் சோறு போட்டுட்டா நம்ம விதையைத் தொடாது" என்பது அத்தையின் கணக்கு!

அசுவினி வந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், ஒரு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயந்திர வேளையில் தெளிக்கலாம். நாலைந்து நாள் விட்டு, நன்றாக அலசிச் சமையுங்கள்.

உட்காருகிறவர் பத்திரம்

கைப்பிடிகள் இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டால் உட்காரத் தோதாக இருக்கிறது. ஆனால் எழுந்திருக்கும்போது வண்டியின் கைப்பிடியை ஊன்றக் கூடாது. வண்டி கவிழ்ந்துவிட்டால் ஆபத்து. கை வைத்த, அசையாத நாற்காலியாகப் போடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலடி நடக்க வேண்டும்.

மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. டெட்டனஸ் துருவால் வருவது என்று நினைக்கிறோம். அந்தக் கிருமி மண்ணிலேயே இருக்கிறது. சின்னக் காயமானாலும் சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசி எப்போது போட்டோம் என்று டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கல் கீரை

மார்கழி பிறந்து மூன்றாம் நாள் விதைத்தோம். நடுவில் ஒரு மழை பெய்தது. நான் பதறிப்போய் ஓடினேன். வண்டிக்கு அடியில் பன்னிரண்டு இழையாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது! மண் மேல் ஒரு சொட்டுக் கூடத் தங்கவில்லை.

அத்தை இப்போது காலைக் காபிக்குப் பிறகு தானாகவே கொல்லைக்கு வந்துவிடுகிறார். முழங்கால் வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மாத்திரை உண்டு, பயிற்சியும் உண்டு. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து வண்டி வரைக்கும், வண்டியிலிருந்து குழாயடிக்கும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடக்கிறார் என்று அவருக்கே தெரியாது. "நடங்க அத்தை, நடங்க அத்தை" என்று நான் மூன்று வருஷம் கத்தியதைக் கீரை செய்துவிட்டது.

பொங்கலன்று முதல் பறிப்பு. தண்டு கிள்ளி, பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தேன். மாமா படத்துக்கு முன்னால் இலை போட்டபோது, அத்தை அந்தக் கூட்டைத் தானே எடுத்து வைத்தார். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கட்டுக் கீரை போயிற்று.

போன வாரம் அதே பழைய இரும்புக்காரர் வந்தார். கொல்லைக் கதவு திறந்திருந்தது. பச்சை வண்டியையும், அதன் நடுவில் நாற்காலி போட்டுக் களை எடுத்துக்கொண்டிருந்த அத்தையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது அந்த வண்டியா, பாட்டி?"

"அதேதான். இந்தா, ஒரு கட்டுக் கீரை கொண்டு போ" என்றார் அத்தை. "பேரீச்சம்பழம் வேணாம்!"